ஸ்காட்ஸ்டேல் முத்திரை முன்மாதிரிக்குச் சான்று அல்ல

'பிங் ஆன்சர் பட்டரில் (பிங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கோல்ஃப் மட்டை; பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்ட உதவுவது) ஸ்காட்ஸ்டேல் முத்திரை இருந்தால் அது முன்மாதிரி (விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்தது), பாலிஷ் போட்டால் விலை கூடும்' என்று சிலர் சொல்வது இரண்டுமே தவறு. நம்பி வாங்கினால் பெரும் பணம் போகும்.

பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் ஆன்சரை வடிவமைத்தது 1966-இல். நிறுவனம் 1967-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேலிலிருந்து பக்கத்து நகரான பீனிக்ஸுக்கு மாறும்வரை விற்பனைக்கு வந்த சாதாரண ஆன்சர்களிலும் ஸ்காட்ஸ்டேல் முகவரிதான் இருந்தது. ஆக, அது பழமையைக் காட்டும், அவ்வளவுதான். பீனிக்ஸ் முகவரியோடு 85020, 85029, 85068 என்ற அஞ்சல் எண்களில் ஒன்று இருந்தால் அது அதற்குப் பிந்தையது. 2010-களில் பிங் 'ஸ்காட்ஸ்டேல்' என்ற பெயரிலேயே புதிய பட்டர் வரிசை ஒன்றையும் விற்றது. பெயரை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். முன்மாதிரி என்று விற்பவர், அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதற்கு எழுத்துச் சான்று தர வேண்டும்.

காந்தம் வைத்துப் பாருங்கள். பழைய ஆன்சரின் தலை மாங்கனீசு வெண்கலம், காந்தம் பிடிக்காது. பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், இயல்பாகப் படிந்த கருமை போய்விடும். அசலை அடையாளம் காண உதவுபவை அவைதாம். பின்னாளில் வந்த சில தலைகள் பெரிலியம் செம்பு. அவற்றை உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.