மெமரி கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

புதிதாகக் கேமரா வாங்குகிற தம்பிமார் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, கேமராவுக்கே கடன் வாங்கியாச்சு. மத்த சாமானெல்லாம் விலை கொறஞ்சதா வாங்கினாப் போதாதா?"

பாளையங்கோட்டையில் 14 வருஷமாகக் கல்யாண வேலை பார்க்கிறேன். என் பதில் இதுதான். அந்தச் சாமான் கெட்டுப்போனால் நஷ்டம் உங்களோடு போகும் என்றால் மலிவானதையே வாங்குங்கள். அடுத்தவர் வீட்டு விசேஷமும் சேர்ந்து போய்விடும் என்றால் விலை பார்க்காதீர்கள்.

களக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். அதற்கு முந்தைய வாரம்தான் பாதி விலைக்கு 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கியிருந்தேன். உறை, அச்சு எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். நலங்குப் படங்கள் வரிசையாகத் திறந்தன. மாலை மாற்றுகிற படத்தில் மாப்பிள்ளையின் முகம் வரைக்கும் இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அப்புறம் ஒரு படமும் திறக்கவில்லை.

தாலி கட்டியதை உதவிக்கு வந்த பையன் இன்னொரு கேமராவில் எடுத்திருந்தான். பெண்ணுக்கு அவள் ஆச்சி திருநீறு பூசிவிட்டது மட்டும் என் கார்டில்தான் இருந்தது. மறுநாள் அந்த வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆச்சி படத்தை மட்டும் எப்படியாவது எடுத்துத் தாங்க தம்பி" என்றார். என்னென்னவோ செய்து பார்த்தேன், முடியவில்லை.

போலிக் கார்டில் உண்மையான கொள்ளளவு 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும். உள்ளே இருக்கும் சிப்பை மாற்றி 64 என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் கார்டை மட்டும் நம்பகமான கடையில் பில்லோடு வாங்குங்கள். வீடியோ எடுப்பவர்கள் வி30 என்ற குறியைப் பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி வேகத்தில் தொடர்ந்து எழுதும் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்தது டிரைபாட், அதாவது கேமராவை நிறுத்துகிற மூன்றுகால் தாங்கி. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். எண்ணூறு ரூபாய் டிரைபாட் அங்கே நிற்காது. விழுந்தால் போவது லென்ஸ். அதற்காகக் கார்பன் ஃபைபர்தான் வேண்டும் என்பதில்லை. மலையேறுகிறவர்களுக்கு அந்த எடைக் குறைவு உதவும், மற்றவர்களுக்குக் கனமான அலுமினியம் போதும். நல்ல டிரைபாட் பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் கேமராப் பையைத் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் நின்றுவிடும்.

சரி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்? கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளை எடுக்கப் போகும்போது, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து உள்ளே புளியங்கொட்டை நிரப்பிய பையைத்தான் கொண்டுபோகிறேன். கார் ஜன்னலில் வைத்து லென்ஸை அதன் மேல் அழுத்தினால் கொட்டைகள் நகர்ந்து இடம்விட்டு, லென்ஸ் அப்படியே பதிந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் விற்கிற பையும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, மாஞ்சோலை மழைக்கு ஒரு பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் போதும். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் ஹுட்டும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யுவி ஃபில்டர் கண்ணாடியை லென்ஸுக்குக் கவசமாக மட்டும் நினையுங்கள். கோயிலில் தீபம் எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு சுடருக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்ச்சுடர் விழும். ஆனால் லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரில் மலிவு வேண்டாம். பாபநாசம் அகஸ்தியர் அருவியை மலிவான ஒன்றைப் போட்டு எடுத்தேன், வெள்ளைத் தண்ணீர் ரோஸ் நிறத்தில் விழுந்தது. திருகிக் கூட்டிக் குறைக்கும் வகையென்றால், கடைசி வரை திருகும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கருநிழல் வரும்.

இந்த வாரம் புதுக் கார்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வேலைக்குப் போவதற்கு முன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவாருங்கள். முழுவதும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கிற இலவச மென்பொருள் இருக்கிறது. காசு வேண்டாம், சோதித்துத் தருகிறேன்.