பலகைப் பணத்துக்குக் கணக்கு வேண்டும்

வாகனங்களுக்கான சிறப்பு எண் பலகைகளை விற்றுக் காவலர் பயிற்சிக்கு நிதி திரட்டும் திட்டத்தை, உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அதன் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததையும் அவர் எழுதியிருக்க வேண்டும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அங்கே வாகனங்களுக்கு ஒரு நினைவு எண் பலகை வந்தது. தேசியக் கொடி, கீழே 'ஒருபோதும் மறக்கமாட்டோம்' என்ற வரி. வருமானத்தில் 15 சதவீதம் பலியானோரின் பிள்ளைகள் படிப்புக்கு. மீதி பயங்கரவாதத் தடுப்புக்கும் அதற்கான பயிற்சிக்கும். மக்கள் நம்பி வாங்கினார்கள். 2012இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தோண்டிப் பார்த்தபோது, சுமார் 1.5 கோடி டாலர் வசூலில் பிள்ளைகளுக்குப் போனது மிகச் சொற்பம் என்று தெரிந்தது. ஏறத்தாழ 30 லட்சம் டாலரைப் பட்ஜெட் பற்றாக்குறைக்கென்று அரசே கடனாக எடுத்திருந்தது. இரண்டு ஆளுநர்களின் காலத்திலும் இது நடந்தது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தில் கைவைக்க எப்படி மனம் வந்தது?

காவலருக்கு நல்ல பயிற்சி கட்டாயம் வேண்டும். அதற்கு முதலில் அரசு தன் பட்ஜெட்டில் ஒதுக்கட்டும். பலகைப் பணம் அதற்கு மேல் வருவதாக இருக்கட்டும். தனிக் கணக்கில் வைத்து, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கட்டுரையில் சொன்ன திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா? கட்டுரையாளர் விளக்க வேண்டுகிறேன்.