எல்கோவில் கூட்டமா? கடிகாரத்தையும் பாருங்கள்

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) மாநாடு நடத்தினால் மண்டப வாடகை மிச்சம் என்கிறது ஒரு கட்டுரை. சரி, ஆனால் நெவாடா மாநிலத்தின் எல்கோ போன்ற ஊரில் வாடகை கடைசிக் கவலை. பெரிய நகரங்கள் தொலைவு: ரீனோவிலிருந்து சுமார் 290 மைல், சால்ட் லேக் சிட்டியிலிருந்து 230 மைல். ரயில் உண்டு, அதுவும் இரவில்தான் வந்து நிற்கும்.

யாரும் யோசிக்காத விஷயம் நேரம். எல்கோ நகரத்தில் பசிபிக் நேரம். அதே கவுண்டியில், யூட்டா எல்லையை ஒட்டிய வெஸ்ட் வென்டோவரில் மவுண்டன் நேரம், அதாவது ஒரு மணி நேரம் முன்னால். அழைப்பிதழில் ‘காலை 9 மணி’ என்று மட்டும் போட்டால், அங்கிருந்து வருபவர்கள் தங்கள் கடிகாரத்தை நம்பி ஒரு மணி நேரம் முன்பே வந்து பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தேதியும் முக்கியம். 1985 முதல் நடக்கும் கவ்பாய் (மாடு மேய்ப்பவர்) கவிதை விழாவுக்கு ஜனவரி கடைசியில் ஊரே நிரம்பிவிடும். பண்ணை வேலை குறைந்த பருவம் என்பதால்தான் அந்தக் குளிரில் வைக்கிறார்கள். ஜூலைத் தொடக்கத்தில் பாஸ்க் மக்களின் (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்) திருவிழா. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு அறை தேடுங்கள்.

அப்புறம், இரவு விருந்துக்கு ஹோட்டல் பஃபே வேண்டாம். பாஸ்க் உணவகங்களில் நீள மேசையில் சூப், பீன்ஸ், ஆட்டிறைச்சி எனப் பகிர்ந்து சாப்பிடலாம். சைவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.