பாப் மார்லிக்குப் பின்னால் நின்ற பாஸ் கிட்டார்

ஜமைக்கா நாட்டு இசையான ரெகே என்றாலே பாடகர் பாப் மார்லி என்று ஆகிவிட்டது. மார்லி பெரிய ஆள்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பாட்டுகளில் நம்மை ஆட வைப்பது அவர் குரலைவிட ஆஸ்டன் பாரெட்டின் பாஸ் கிட்டார்தான், அதாவது அடிச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்தான் என்பது என் கட்சி.

1946ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர் பாரெட். முதல் பாஸ் கிட்டாரைப் பிளைவுட்டில் தானே செய்துகொண்டார். தம்பி கார்ல்டன் டிரம்ஸ். இருவரும் லீ பெரி என்ற தயாரிப்பாளரின் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1970 வாக்கில் மார்லியின் குழுவான வெய்லர்ஸ் பெரியிடம் பாட வந்தார்கள். போகும்போது அண்ணன் தம்பி இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிக்குக் கோபம் வராமல் இருக்குமா?

அப்புறம் 1974க்குள், குழுவில் மார்லியோடு பாடிவந்த பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் விலகிவிட்டார்கள். மார்லியோடு கடைசிவரை நின்றது பாரெட் சகோதரர்கள்தான். குழுவை நடத்தியது ஆஸ்டன். குழுவே தன் குடும்பம் என்று அவர் 'ஃபேமிலி மேன்' என்று பேர் வைத்துக்கொண்டபோது குழந்தைகளே கிடையாது. பின்னாளில் 41 பிள்ளைகள் என்று பத்திரிகைகள் எழுதின!

கார்ல்டனின் தாளத்துக்கு 'ஒன் டிராப்' என்று பெயர். நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கை காலியாகவே இருக்கும், அடி மூன்றாவதில் விழும். அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் ஆஸ்டனின் பாஸ் நடக்கிறது. சும்மா தாங்கிப் பிடிக்கும் பாஸ் இல்லை அது, தனியாக முணுமுணுக்கலாம், அவ்வளவு மெட்டு இருக்கும். 'எக்ஸோடஸ்' பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) ஓடுகிறது, ஆனாலும் அலுக்காது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி காதில் விழாது, தயவுசெய்து நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். 1981ல் மார்லி 36 வயதில் உயில் எழுதாமல் இறந்தார். சொத்துச் சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. 1987ல் கார்ல்டன் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1994ல் ஆஸ்டன் சில லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு இனி உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். பின்பு, தனக்கும் தம்பிக்கும் சேர வேண்டிய ராயல்டி (பாட்டு வருமானத்தில் தொடர்ந்து வரும் பங்கு) என்று ஆறு கோடி பவுண்டு வரை கேட்டு லண்டனில் வழக்குப் போட்டார். 2006ல் தோற்றார். போட்ட கையெழுத்தே எதிராக நின்றது.

சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். என் கோபம் தீர்ப்பின் மேல் இல்லை. பாட்டு என்றால் வரியும் பாடகர் பாடும் மெட்டும் மட்டும்தான் என்று கணக்குப் போடும் வழக்கத்தின் மேல்தான். பாஸும் டிரம்ஸும் ஸ்டுடியோவிலேயே பிறக்கும் இசை ரெகே. அதை உண்டாக்கியவனுக்கு வாசித்த கூலி, எழுதியவனுக்குக் காலம் முழுக்க ராயல்டி. இது எந்த ஊர் நியாயம்? வேடிக்கை என்னவென்றால், மார்லி பாடிய 'ஹூ தி கேப் ஃபிட்' பாட்டை எழுதியவர்கள் என்று ஆல்பத்தில் இருப்பது இந்தச் சகோதரர்களின் பெயர்தான். அந்தக் காலத்தில் மார்லி தன் பாட்டு உரிமை பற்றிய இசைப் பதிப்பக ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கத் தன் பாட்டுகளை வேறு பெயர்களில் போட்டார் என்பது பரவலான பேச்சு. ஆக, உண்மையில் எழுதியது யார் என்பதற்கு அட்டையைக்கூட நம்ப முடியாது.

ஆஸ்டன் 2024 பிப்ரவரி 3 அன்று இறந்தார். மார்லி பற்றிய ஹாலிவுட் படம் வெளியாக இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதில் ஆஸ்டனாக நடித்திருப்பவர் அவருடைய சொந்த மகன்.