யார்டுக் கணக்கில் சேராத பகுதி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 2010 பருவத்தில் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி தாக்குதல், தடுப்பு இரண்டிலும் யார்டுக் கணக்கில் (அதிக யார்டுகள் எடுத்ததிலும், குறைவாக விட்டுக்கொடுத்ததிலும்) முதலிடம் பெற்றதால், அவர்களுடைய ஸ்பெஷல் டீம்ஸும் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) சிறப்பாகவே ஆடியிருக்க வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. முதலிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தரவரிசையில் கிக்-ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை) ஆகியவற்றைத் திருப்பி ஓடும் யார்டுகள் சேர்க்கப்படுவதே இல்லை.

செப்டம்பர் 26 அன்று சியாட்டிலில் நடந்த ஆட்டத்தின் ஸ்கோர் விவரத்தை யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். சார்ஜர்ஸ் 27-20 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில், எதிரணியான சீஹாக்ஸின் வீரர் லியான் வாஷிங்டன் இரண்டு கிக்-ஆஃப்களை 101, 99 யார்டுகள் ஓடி டச்டவுனாக்கியிருப்பது (பந்தை எதிரணியின் எல்லைக்கோடு வரை கொண்டுசென்று புள்ளி எடுத்திருப்பது) ‘கிக் ரிட்டர்ன்’ வரியில் இருக்கும். எதிரணியின் மொத்த யார்டு வரியிலோ அந்த 200 யார்டுகள் இருக்காது. தோல்வியின் வித்தியாசம் வெறும் 7 புள்ளிகள் என்பதையும் சேர்த்துக் கவனிக்கலாம்.