சிம் கார்டு அரிதான பொருள் இல்லை

இணைய முகவரிகள், செல்பேசி இணைப்புகள் இரண்டுக்குமே அரிதாக இருப்பதால்தான் மதிப்பு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. முகவரிகளைப் பொறுத்தவரை சரி. வாய்ஸ்.காம் 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றது, ஏனென்றால் அந்தப் பெயர் உலகத்துக்கே ஒன்றுதான். சிம் கார்டு அப்படியா? எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே!

நான் மியன்மாரில், யாங்கோன் நகரத்தில் இருக்கிறேன். போட்டியே இல்லாத காலத்தில் இங்கே ஒரு சிம் ஆயிரம் டாலருக்கும் மேல். எங்கள் வீட்டில் யாரிடமும் கிடையாது. தெருமுனையில் மேசை போட்டு போன் வைத்திருப்பார்கள், அங்கேதான் ஓட வேண்டும். தாத்தா தவறியது தட்டோன் என்ற வேறு ஊரில் இருந்த அத்தைக்கு மறுநாள்தான் தெரிந்தது. முகம் பார்க்க முடியவில்லை. அதை அவர் இன்னும் சொல்லி அழுவார்.

அப்புறம் 2014-ல் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு செல்பேசி நிறுவனங்களும் வந்தன. சிம் எங்கள் நாட்டுப் பணத்தில் வெறும் 1,500 கியாட்! அதே மண், அதே மக்கள். மாறியது போட்டி ஒன்றுதான். 2018-ல் மைடெல்லும் வந்தது. 2022-ல் டெலினார் நாட்டை விட்டே போனபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கட்டுரையாளர் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும்.