போனைக் கொடுக்கலாமா என்று கேட்கும் மைனிமார்களுக்கு

டியூஷன் எடுக்கிறவன் என்று தெரிந்தால் போதும், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலேயே அண்ணி முறையாகும் மைனி ஒருவர் பிடித்துக்கொண்டார்: "பிள்ளையளுக்குப் போனக் குடுக்கலாமா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க தம்பி." ஒத்த வார்த்தை என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

எத்தனை மணி நேரம் கொடுக்கலாம் என்ற கணக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கைக்குழந்தைகள் விஷயம் வேறு. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். படிக்கும்போது பிள்ளை எங்கேயோ சிரமப்படுகிறது. அந்தச் சிரமம் படிப்புக்குப் போகும் வழியை மறிக்கிறதா, இல்லை அந்தச் சிரமப்படுவதுதான் படிப்பா? வழியை மறிப்பதை மெஷின் அகற்றட்டும். சிரமமே படிப்பாக இருக்கும் இடத்தில் அது கை வைக்கக் கூடாது.

பாளையங்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தனித்தனிப் பள்ளிகள் வந்த ஊர். பார்வையில்லாத ஒரு பிள்ளை பாடத்துக்கு வெளியே ஒரு கதைப் புத்தகம் படிக்க ஆசைப்பட்டால் முன்பு என்ன வழி? யாராவது தன் சோலியை முடித்துவிட்டு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். பிரெயிலில் வேண்டுமென்றால் ஒரு புத்தகமே பல தடித்த தொகுதிகளாகிவிடும். இன்றைக்குத் திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல் அதைத் தொடங்கியவரே பார்வையற்றவர்தான். இந்தப் பிள்ளையிடம் போய் 'ஸ்கிரீன் டைம்' பற்றிப் பேசுவது கோட்டித்தனம்.

அதே பிள்ளை எல்லாவற்றையும் காதாலேயே படித்தால் எழுத்து எப்படி வரும்? 'கரை', 'கறை' இரண்டும் நம் வாயில் ஒன்றுபோலத்தான் வருகின்றன. மனம், மணம் கதையும் பெரும்பாலும் அதுதான். எந்த ர, எந்த ன என்று தெரிய வேண்டுமானால் விரல் புள்ளிகளைத் தடவித்தான் ஆக வேண்டும். ஆகவே கதை கேட்கக் கணினி, எழுத்துக்கூட்டப் பிரெயில். பிள்ளை ஒன்றுதான், பதில்தான் இரண்டு.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்கு டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோதும் இதைத்தான் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே சீசனில் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். சில பிள்ளைகள் கையில் போன், அதில் மெர்லின் செயலி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் செய்தது. படத்தைக் கொடுத்தால் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பிள்ளைகள் பெயர்களை மடமடவென்று சேர்த்துவிட்டார்கள். பெயர் வந்ததும் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்திருந்த பொடியன் ஒருத்தன் ஒரே நாரையை வரைந்துகொண்டே இருந்தான். கடைசியில், "சார், இது வாய மூடினாலும் நடுவுல இடைவெளி இருக்கு, ஏன்?" என்றான். அது நத்தைகுத்தி நாரை. செயலியில் அதே பறவையின் பெயரை வாங்கியிருந்த யாருக்கும் அந்த இடைவெளி கண்ணில் படவில்லை.

அப்புறம் நான் செய்தது, போனை வாங்கி அந்த நாரை நத்தையை ஓட்டிலிருந்து எடுப்பதை வீடியோவில் காட்டியது. கரையில் நின்றுகொண்டு அவ்வளவு கிட்டத்தில் நாம் பார்க்கவே முடியாது. முன்னால் கண்ணை மறைத்த அதே போன், கேள்வி பிறந்த பிறகு உதவிக்கு வந்தது.

கணக்குப் பாடத்தில் மெஷினுக்கு நானே ஓட்டுப் போடுவேன். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் நான்காம் வகுப்புக் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தேடிப் பின்னால் போக முடியாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே கணக்குக் கொடுத்தார்கள், சில மாதங்களிலேயே நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கே 45 நிமிடம் கணினி என்றால் இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு மனிதர் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பாதியை ஆப் விற்பவர்கள் சொல்வதில்லை.

நம் மாநிலத்துக் கொரோனா அனுபவமும் இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே வந்துவிட்டது. அப்படியும் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கினார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. சாயங்காலம் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அக்காக்களுக்கு அதில் பங்கு உண்டு.

ஸ்மார்ட் போர்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியில் அதைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றினார்கள். அதில் கப்பி பாடத்துக்கு வீடியோ ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வீடு கிணற்றடியில் கப்பி தொங்கிய ஊர் இது! ஒரு வாளியும் கயிறும் இருந்தால் கையே சொல்லிக்கொடுத்துவிடும். இதயத்தின் அறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வீடியோ போடுங்கள், வேண்டாமென்றா சொல்கிறோம்? கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே பிள்ளை கைப்பிடியைச் சுற்றினால்தான் எதுவும் நடக்கும். ஒரு நாள் கூட்டிப்போய்விட்டு வாருங்கள்.

இப்போது புதிதாக ஏஐ. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தாமிரபரணி பற்றி அதனிடம் எழுதி வாங்கிய கட்டுரையைக் கொண்டுவந்தான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை எல்லாம் சரி, ஒரு பிழை கிடையாது. ஆனால் அவன் வீடு, ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கும் குறுக்குத்துறையில். "வெள்ளம் வந்தா முருகன் கோயிலுக்கு என்னலே ஆகும்?" என்று கேட்டேன். கோயில் தண்ணீருக்குள் போவதையும், அதற்கு முன்னால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவதையும் மூச்சு விடாமல் சொன்னான். அதை எழுது என்றேன். வார்த்தை கிடைக்காமல் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கட்டுரைப் பாடம் என்பதே அந்த உட்கார்ந்திருத்தல்தான், அதைப் போய் மெஷினிடம் கொடுத்தால் அவனுக்கு என்ன மிஞ்சும்? எழுதி முடித்தபின் எங்கே குழப்பமாக இருக்கிறது என்று அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பிழைகளைச் சிவப்புப் பேனாவில் நான் சுழித்துக் கொடுத்தேன், திருத்தியது அவன். பள்ளியில் மார்க் முதல் கட்டுரைக்குத்தான் அதிகம் விழுந்திருக்கும். அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்வோம்.